கழுவாத குழாய்

ஹனீஃபா பைப்புக்குள் மணலை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாயில் மரக்கட்டை அடித்து அடைத்தாயிற்று. மறு வாய் வழியாக, சட்டியில் வறுத்து ஈரம் போக்கிய மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். மணல் கெட்டியாக இறங்கினால்தான் நெருப்புக் காட்டி வளைக்கும்போது பைப் நசுங்காது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ராஜகோபாலின் ஷெட்டுக்கு வெல்டராக வந்த நாளிலிருந்து அவர் இப்படித்தான் வளைக்கிறார். லாரிக்கும் வேனுக்கும் அவர் வளைத்துக் கொடுத்த சைலன்சர் பைப்புகள் வேளச்சேரி ரோடு முழுக்கப் புகை கக்கிக்கொண்டு போகின்றன.

இது சைலன்சர் இல்லை. கிட்டுவின் காருக்குக் காற்று உள்ளே போகிற குழாய். கிட்டு, மாடம்பாக்கத்தில் மனை போட்டு விற்கிறவரின் பிள்ளை. இடுப்பில் பேஜர். ஜப்பான் ஸ்கிராப்பில் வந்த டர்போ ஒன்றை வாங்கிக் காரில் மாட்டியிருந்தான். காற்றை உறிஞ்சி, அழுத்தி, இஞ்சினுக்குள் தள்ளுகிற சின்ன விசிறி அது. சுற்றுகிற வேகத்தில் ஒரு துரும்பு பட்டாலும் விசிறி தாங்காது.

ஏர் ஃபில்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஃபிட்டர் துளசிங்கம், டர்போவின் வாயிலேயே மாட்டிவிடலாம், நீளக் குழாயே வேண்டாம் என்றான். அங்கே ரேடியேட்டர் சூடும் இஞ்சின் சூடும் சேர்ந்து அடிக்கும், சூடான காற்றைக் குடித்தால் வண்டி இழுக்காது என்றான் கிட்டு. முன் பம்பருக்குப் பின்னால் வைத்தால் குளிர்ந்த காற்று கிடைக்கும். மழை பெய்தால் பள்ளிக்கரணைப் பக்கம் ரோட்டிலேயே தண்ணீர் நிற்குமே, ஃபில்டர் தண்ணீரைக் குடிக்காதா என்று ராஜகோபால் கேட்டார். மழையில் இந்த வண்டியை எடுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டான் கிட்டு. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஃபில்டர் முன்னால் போனதும் அங்கிருந்து டர்போ வரைக்கும் நீளக் குழாய் வேண்டியதாயிற்று. பேட்டரியைச் சுற்றி, ரேடியேட்டருக்கு அடியில் நுழைந்து, மறுபடி மேலே ஏற வேண்டும். மூன்று வளைவு. வளைவு என்றாலே மணல்தான்.

வளைத்து, ஆறவிட்டு, கட்டையைப் பிடுங்கி மணலைத் தட்டிக் கொட்டினார் ஹனீஃபா. பைப்பைத் தோளில் சாய்த்துப் பழக்கப்படி சுற்றிலும் தட்டினார். இனி ஒன்றும் வராது என்று தோன்றியதும் கீழே வைத்துவிட்டார். கிளாம்பை எடுத்துக்கொண்டு வந்த துளசிங்கம்தான் எல்லா மண்ணும் வந்துவிட்டதா என்று கேட்டான். ஹனீஃபா பைப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விரலை விட்டு வழித்தபோது சுவரில் சூட்டில் ஒட்டிப்போன மண் நறநறத்தது. ஃபில்டர் முன்னால் இருந்து என்ன பிரயோசனம்? அது வெளித் தூசியைத்தான் பிடிக்கும். குழாய்க்குள் இருக்கிற மண் நேரே விசிறிக்குப் போகும்.

ராஜகோபாலிடம் போனார். கிட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ்.

"அண்ணா, மண்ணெண்ண வுட்டுக் கழுவிக் காய வச்சுக் குடுத்துடறேன். காலைல வரைக்கும் டைம் குடுங்க."

ராஜகோபால் சிரித்தார். "இன்னா பாய், சைலன்சர் பைப்ப என்னிக்காச்சும் கழுவிக்கீறியா? தட்டிட்டுத்தான குடுப்ப? இதுக்கு மட்டும் இன்னா குளிப்பாட்டறது? மாட்டு மாட்டு, பார்ட்டி காத்துகினு கீது."

சைலன்சரை ஹனீஃபா கழுவியதே இல்லை என்பது உண்மை. அது வெளியே துப்புகிற குழாய், மண் இருந்தால் ரோட்டில் போய் விழும் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ராஜகோபால் கிட்டுவின் பக்கம் திரும்பி மனை விலை பேச ஆரம்பித்துவிட்டார். துளசிங்கம் கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தான். இருவரும் சேர்ந்து பைப்பை மாட்டினார்கள்.

ரேஸ் முடிந்த மறுநாள் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். துளசிங்கம் டர்போவைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். விசிறியின் இதழ்கள் எலி கடித்த வர்க்கி பிஸ்கட் மாதிரி இருந்தன. கழற்றிய பைப்பைத் தரையில் தட்டியதும் ஒரு பிடி மணல் கொட்டியது. கிட்டு ராஜகோபாலையே பார்த்தான். அந்தப் பார்வையை அப்படியே ஹனீஃபாவின் மேல் தள்ளினார் ராஜகோபால்.

"கழுவாத பைப்ப மாட்டுன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

"நீங்கதான் சொன்னீங்க. துளசிங்கம் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான், கேளுங்க."

"சொல்றா," என்றார் ராஜகோபால் துளசிங்கத்திடம்.

துளசிங்கம் கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அவன் குடியிருப்பது ராஜகோபால் வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில். "நான் வண்டிக்குக் கீழ இருந்தேன்ணா. காதுல வுழல."

ஹனீஃபாவுக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துவிட்டார். அதைத் திரும்ப வைப்பதற்குள் ராஜகோபால், கையை ஓங்குகிறவனுக்கு இந்த ஷெட்டில் இனி இடமில்லை என்று கேட் வரை கேட்கும்படி சொல்லிவிட்டார். கையை ஓங்கியதாக அவர் சொன்னதற்குத் துளசிங்கம் தலையாட்டினான். அது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

சேலையூரில் வேலை கேட்டார், மேடவாக்கத்தில் கேட்டார். முக்கால்வாசி ஷெட்டுகள் ராஜகோபாலின் பங்காளிகளுடையவை. மற்றவையும் அவர் வார்த்தையை மீறாதவை. ஒரு இடத்தில் லேத் ஓட்டுகிறவன் தலையைத் தூக்கி, "மண்ணு பாய்னு சொல்றாங்களே, நீதானா அது?" என்று கேட்டான். வளைத்த கைக்கு அந்த ரோட்டில் மிஞ்சிய பேர் அதுதான். காரணம் கேட்பார் இல்லை. ஹனீஃபா ரோட்டோரமாகக் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"அவரு கால்ல வுழச் சொல்லல. வேலைய மட்டும் கேளுங்க. வேற தொழில் உங்களுக்குத் தெரியாதே," என்றாள் மனைவி சாஜிதா. அவள் சொன்னதற்காகத்தான் அவர் மறுபடி ராஜகீழ்ப்பாக்கம் போனார்.

ஷெட்டில் வேற்றாள் நின்றிருந்தான். வில்பிரட் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் முன்னால் புதுப் பைப், அதே மூன்று வளைவோடு. ஃபில்டர் அதே பம்பருக்குப் பின்னால்தான். கிட்டு பேஜரைப் பார்த்துக்கொண்டே, இன்றைக்கே மாட்டிவிட முடியாதா என்று கேட்டான்.

"அவசரப்படாத கிட்டு," என்றார் ராஜகோபால். "மண்ணெண்ண வுட்டாச்சு, தண்ணியில நல்லா அலசணும். ஒரு நாள் முழுக்க வெயில்ல காயணும். நாளைன்னிக்கு வந்து எடுத்துக்கோ. ஒண்ணும் கெட்டுப் பூடாது."

கிட்டு சரி என்று தலையாட்டினான்.

வில்பிரட் பைப்பைச் சாய்த்துப் பிடித்திருக்க, ராஜகோபாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸை அதன் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார். மண்ணாக வந்த தண்ணீர் கலங்கலாகி, பிறகு தெளிந்தது. தெளிந்த பிறகும் அவர் ஹோஸை எடுக்கவில்லை. தண்ணீர் சிமென்ட் தரையில் பரவி, கேட்டுக்கு வெளியே நின்றிருந்த ஹனீஃபாவின் செருப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.