ஒரு பல் தள்ளி

எனக்குக் கோபம் வரும். வந்தால் சும்மா போகாது, விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். என் மனைவியைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தது. வண்டியோடு வந்த ஃப்ரேம் கடை அம்மா பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் மச்சானிடம் கேட்டுவிட்டேன்.

"உங்க கை பட்டு எதுதான் விளங்கியிருக்கு?"

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைவிட மூன்று வயது பெரியவர். பதினொரு வருஷமாக இருவருக்கும் ஒரே கார் பட்டறை, ஒரே ஸ்பேனர் பெட்டி. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார், வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சாயங்காலம் சரியாகியிருக்கும். அந்த மனுஷனுக்குக் கத்தவே தெரியாது.

புதன்கிழமை சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள். "பஸ் டிப்போவுல அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"சொல்லட்டுமே."

"நீங்க போய் ஒரு வார்த்தை பேசினா இருப்பான். பேசலைன்னா போயிடுவான். அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க."

போகக் கூடாது என்று இல்லை. அவர் இல்லாத பட்டறையில் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தேன், சகிக்கவில்லை. ரேடியோவைக்கூட நானே போட்டு நானே அணைக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. முதலில் அந்த வண்டியில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். தப்பு அவருடையது என்றால், நான் சொன்னது உண்மைதானே, அதற்கு எதற்காக நான் போய் நிற்க வேண்டும்? என்னுடையது என்றால் போகலாம். வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. நான் கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்கு முந்தியே ஓட ஆரம்பித்த நீளமான கார். பின் சீட்டை மடக்கினால் ஆள் படுக்கலாம். ஃப்ரேம் கடை அம்மா அதில்தான் நிலைக்கண்ணாடியும் படச்சட்டமும் ஏற்றிப் போய் வீடு வீடாகக் கொடுப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வண்டி நடுங்குகிறது என்று வந்தார். அடியில் நடுத்தண்டைத் தாங்கும் பேரிங் செத்துக் கிடந்தது. மாற்றிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமன் பார்த்தோம். மறுபடியும் வந்தார். கியர் பெட்டியைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினோம். நாலாவது தடவை வந்தபோதுதான் நான் வாயை விட்டது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அந்த அம்மாவையே பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அவர் பக்கத்தில், போர்வையில் சுற்றிய நாலு கண்ணாடிகள். ஊரைத் தாண்டி நேர்சாலையில் மெதுவாக வேகத்தைக் கூட்டினேன். அறுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் மெல்லிய ஓர் அதிர்வு. எழுபத்தைந்தில் நாலு கண்ணாடியும் சேர்ந்து பல்லைக் கடித்தன. ஸ்டியரிங் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அமைதியாக இருந்தது. அதனால் தப்பு முன்சக்கரத்தில் இல்லை.

அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக ஓடவிட்டேன். எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. எஞ்சின் மேல் பழி இல்லை. மூன்றாவது கியரில் எழுபது போனேன், நாலாவதில் எழுபது போனேன். ஒரே நடுக்கம். கியர் பெட்டியும் தப்பித்தது. சக்கரங்களை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் வண்டிக்கு அடியில் ஓடும் அந்த நீளத் தண்டுதான். அதைத்தான் நாங்கள் கழற்றிப் பேரிங் போட்டோம். துண்டுகள் சேரும் இடத்தில் கழற்றும் முன்பே வைத்த குறியைப் பார்த்துத்தான் திரும்ப மாட்டியிருந்தது. நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் குறி சேர்ந்திருந்தது.

"பழைய நடுக்கமே போகலைம்மா, அதான் எங்கேன்னு தெரியல" என்றேன்.

"இது பழைய நடுக்கம் இல்லையே தம்பி."

"என்னது?"

"பழசு உறுமும். வயித்துக்குள்ள கேக்கும். இது கிணுகிணுன்னு கண்ணாடியில கேக்குது. இது புதுசு. நான் அன்னைக்கே சொன்னேன். உங்களுக்கு எங்க காது? நீங்க உங்க மச்சானைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மா சொன்னது சாதாரண விஷயம் இல்லை. புதுசு என்றால், பழைய தப்பைப் பேரிங்கோடு தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை நாங்களே உள்ளே வைத்திருக்கிறோம். வண்டியைத் திருப்பினேன்.

பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிவிட்டு விளக்கோடு அடியில் போய் நின்றேன். அந்தத் தண்டு இரண்டு துண்டு. நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். நுழைகிற இடத்தில் சுற்றிலும் பதினாறு பல். இரண்டு முனையிலும் கவட்டை மாதிரி இரண்டு காதுள்ள ஒரு கவை. முன்கவையின் காதும் பின்கவையின் காதும் ஒரே நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் தண்டு சுழலும்போது விட்டுவிட்டு இழுக்கும். பதினாறு விதமாக நுழைத்தாலும் பேசாமல் நுழைந்துகொள்ளும், சரியான இடம் ஒன்றுதான். அதனால் கழற்றும் முன்பே இரண்டு துண்டிலும் நேருக்கு நேர் குறி வைத்துவிட வேண்டும்.

குறி வைப்பதில் எங்களுக்குள் பதினொரு வருஷத் தகராறு. நான் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பேன். முதல் புட்டி என் மனைவியுடையது, அதற்கு நான் பட்ட பாடு தனிக்கதை. மச்சான் கூர்முனை பஞ்ச் கருவியை வைத்து ஒரே ஒரு தட்டு தட்டி இரும்பில் புள்ளி வைப்பார். "பூச்சு கழுவுனா போயிடும் மாப்ள" என்பார். "இரும்பைக் காயப்படுத்தாதீங்க" என்பேன் நான். அதனால் எங்கள் பட்டறையில் எந்தச் சாமானைக் கழற்றினாலும் என் கோடு ஓர் இடத்தில், அவர் புள்ளி கொஞ்சம் தள்ளி. பார்க்கிறவர்கள் என்ன கவனம், என்ன அக்கறை என்பார்கள். அக்கறையாவது மண்ணாவது! அவர் குறியை நான் நம்பியதில்லை, என் குறியை அவர் நம்பியதில்லை.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். குறி சேர்ந்துதான் இருந்தது. முன்துண்டில் சிவப்புக் கோடு. அதற்கு நேரே பின்துண்டில் புள்ளி.

கோட்டுக்கு நேரே புள்ளி.

துணியை எடுத்துப் பின்துண்டைத் துடைத்தேன். ஒரு பல் தள்ளி, பள்ளத்துக்குள் எறும்புக் கண் அளவு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்துண்டைத் துடைத்தேன். அங்கேயும் ஒரு பல் தள்ளி அவர் புள்ளி, கிரீஸுக்குள். பின்துண்டைப் பெயிண்ட் தின்னரில் முக்கிக் கழுவியது நான்தான். என் கோட்டை நானே கழுவியிருக்கிறேன்.

மச்சான் மாட்டியிருந்தால் புள்ளிக்குப் புள்ளிதான் பார்த்திருப்பார். சிவப்பை அவர் கண் ஏறெடுத்துக்கூடப் பார்க்காது. சிவப்பைத் தேடி, அது ஒரு பக்கம் இல்லை என்றதும் எதிரே கிடந்த ஏதோ ஒரு குறியோடு சேர்த்தவன் சிவப்பை நம்புகிறவனாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பட்டறையில் அப்படி ஓர் ஆள்தான். நினைவும் வந்துவிட்டது. பேரிங் மாற்றிய அன்று மதியம் மச்சான் கிரீஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்க முடியாமல் நான் இரண்டையும் கோர்த்துவிட்டேன். வந்தவர் மேலே போல்ட்டுகளை முறுக்கினார், அவ்வளவுதான்.

கழற்றி ஒரு பல் திருப்பி மாட்டக் கால் மணி நேரம் போதும். அந்த அம்மா முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டி ஓடும், அவர் சந்தோஷமாகப் போவார், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பொய் சொல்வானேன், ஸ்பேனரைக் கையில் எடுத்தும்விட்டேன். போல்ட்டில் வைத்த பிறகுதான் கை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. கீழே வைத்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன். மணி பன்னிரண்டு.

"மச்சான், பட்டறைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"என்ன விஷயம்?"

"தப்பு கிடைச்சிருச்சு."

"வர்றேன்" என்றார்.

சலவைச் சட்டையோடு வந்தார். அந்தச் சட்டையோடு அவரைப் பட்டறையில் நான் பார்த்ததே இல்லை. விளக்கை வாங்கிக்கொண்டு அடியில் போய் நின்றார். கோட்டைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், துடைத்த இடங்களையும் பார்த்தார். அவருக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் முன்னறைக்குப் போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் முன்னால் சொன்னதை அவர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை இவரை உங்க முன்னாடி கேவலமாப் பேசிட்டேன். தப்பு இவர் மேல இல்ல. தப்பா மாட்டினது நான். மச்சான், என்னை மன்னிச்சிருங்க."

"அப்போ என் கண்ணாடியை எல்லாம் நடுங்க வச்சது நீங்கதானா?" என்றார் அந்த அம்மா. "நல்ல ஆளுப்பா நீ!"

மச்சான் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி மாப்ள" என்றார். இருவருமாகத் தண்டை இறக்கினோம். புள்ளிக்குப் புள்ளி சேர்த்து அவரே நுழைத்தார். நான் விளக்கைப் பிடித்தேன்.

மச்சான் வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில், அந்த அம்மா தன் கண்ணாடிகளோடு பின்னால். அறுபது. எழுபது. எழுபத்தைந்து. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா கண்ணாடி மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தூங்குது தம்பி!" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை வரப்போகும் வேனைப் பற்றிப் பேசினேன். அதன் கியர் பெட்டியை அவர் பார்க்கட்டும், பிரேக்கை நான் பார்க்கிறேன் என்றேன். இனிமேல் எங்கள் பட்டறையில் ஒரே குறிதான், அவர் புள்ளிதான் என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே "ம்" போட்டார்.

"இனிமே இந்த வண்டிக்கு ஏதாவதுன்னா ரெண்டு பேர்ல யாரைக் கூப்பிடணும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கம்மா" என்றார் மச்சான். "நான் திங்கக்கிழமையிலேர்ந்து டிப்போவுல இருப்பேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல மச்சான்?"

"காலையில ஒன்பது மணிக்கே சொல்லிட்டேன் மாப்ள."

ஒன்பது மணிக்கு நான் இதே சாலையில் எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன், தப்பு யாருடையது என்று பார்க்க.

"நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே" என்றேன்.

"கேட்ட. நல்லாத்தான் கேட்ட." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. "நேத்து ராத்திரி வரைக்கும் நீ வருவேன்னு பாத்தேன். ஒருவேளை தப்பு என்னோடதா இருந்திருந்தா, இன்னைக்குக்கூட நீ கூப்பிட்டிருக்க மாட்ட, இல்ல?"

அப்படியில்லை, கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கூப்பிட்டிருக்க மாட்டேன்தான்.