ஓதி வாங்கிய தண்ணீர்

...இனிமேல் கொதிக்க வைக்க வேண்டியதில்லை என்று நேற்றுதானே சொன்னார் டாக்டர் சிவராமன், இருந்தும் கை தானாகப் போய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டது, பாத்திரத்தில் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது, ஏழு மாதப் பழக்கம் ஒரே நாளில் விட்டுப்போகுமா என்ன. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை... ஜரினா அந்தச் சொல்லைக் கற்கண்டுத் துண்டு போல வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள், ஒன்றும் இல்லாததற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா? கட்டி இருந்த இடத்தில் இப்போது தையல் தழும்பு மட்டும்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினால் போதும். இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு நெய்ச்சோறு ஆக்கிப் பள்ளிவாசலுக்கு அனுப்பவேண்டும், கணவர் ஹாஜா மொய்தீன் கறி வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருக்கிறார், அவருடைய அம்மா கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டே போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார், "மருந்தும் மருந்துதான், இல்லேங்கல. ஆனா ஓதின தண்ணி ஒரு நாள் நின்னதில்லம்மா. அதான் அல்லாஹ் ஷிஃபா குடுத்து கொணமாக்கிட்டான்." இந்த மாமியிடம் இன்று எப்படிச் சொல்வது...

ஒரு நாள் நின்றதில்லை, உண்மைதான். முதல் கீமோ ஏறிய வாரத்திலிருந்து, மழை கொட்டினாலும் முழங்கால் வீங்கினாலும், அந்தி மஃரிப் தொழுகை நேரத்தில் மாமி பள்ளிவாசல் வாசலில் போய் நின்றுவிடுவார், கையில் மகன் ராஷித்தின் பழைய பள்ளிக்கூடப் பாட்டில், அருகில் காய்ச்சல் கண்ட பிள்ளைகளோடு தாய்மார்கள், குங்குமம் வைத்தவர்களும் உண்டு, தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஓதி, திறந்த பாட்டிலுக்குள் ஊதிவிட்டுப் போவார்கள். முப்பது பேர், நாற்பது பேர்... நாற்பது பேரின் மூச்சு. அதற்குத்தானே பயந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சரசா ரத்த ரிப்போர்ட்டை முகத்துக்கு நேரே ஆட்டி மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது, "அக்கா, வெள்ளணு பாதாளத்துல கீது. கொதிக்காத தண்ணி ஒரு வாய் குடிச்ச, மறுபடி இங்கதான் வந்து படுப்ப." உங்கள் துஆவில் கிருமி இருக்கும் மாமி என்று எந்த மருமகள் சொல்லுவாள்? தொழுகை முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மாமி மாடியேறி வருவார், கீழ்வீட்டுக் கமலத்தோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்திருப்பார், பாட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், நாற்பது மூச்சின் சூடு என்று நினைத்துக்கொள்வாள். பிஸ்மி சொல்லிக் குடி என்று கொடுத்துவிட்டு மாமி இஷா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனதும், இதே பாத்திரத்தில் ஊற்றி, இதே அடுப்பில்... ஆவி ஜன்னல் வழியே போகும், அதோடு ஓதியதும் போகிறதா? டாக்டரைக் கேட்டால் சிரிப்பார், பள்ளிவாசல் அஜரத்தைக் கேட்டால் மாமி காதுக்குப் போய்விடும். யா அல்லாஹ், குணமாக்குகிறவன் நீதான், மாமிக்கு மட்டும் இது தெரியவேண்டாம் என்று தினமும் அவனையும் திருட்டுத்தனத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டாளே. இன்று சொல்லிவிடவேண்டும். ஊரே கையேந்தி துஆ செய்யப்போகும் சோற்றை ஒரு பொய்யோடு ஆக்கக் கூடாது. மாமி அழுவாரா, பேசாமல் இருந்துவிடுவாரா... பேசாமல் இருப்பதுதான் தாங்காது.

சமையலறைப் பின்கதவில் கமலம் நின்றாள், கையில் அடி கறுத்த ஒரு குண்டான். "இன்னா ஜரினா, எல்லாம் நல்லா வந்துச்சாமே, என் மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. இந்தா, உங்க மாமியோட குண்டான். இன்னமே என் ஊட்ல இதுக்கு வேலை இல்லியே."

"என்ன வேலை?"

"ஓதின தண்ணிய தெனம் என் அடுப்புலதான கொதிக்க வெப்பாங்க. ஊட்ல வெச்சா நீ பாத்து, மாமியே நம்பலியான்னு மனசு உட்ருவியாம்..." கமலம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐய, உனுக்குத் தெரியாதா? நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா." படிகளில் அவள் இறங்கி ஓடும் சத்தம்.

அந்த வெதுவெதுப்பு... அது மூச்சின் சூடு இல்லை. ஜரினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது, குண்டானின் கறுப்பு விரலில் ஒட்டியது. மாடியில் ஒரு திருடி, கீழே ஒரு திருடி, நடுவில் அந்தத் தண்ணீர் தினம் இரண்டு தரம் வெந்திருக்கிறது. சரசா மிரட்டியபோது மாமியும் பக்கத்தில் நின்றிருந்தாரோ? நின்றிருந்தார், தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவர் போல. இந்த வீட்டில் தான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்ததாக அல்லவா நினைத்தாள்... நேற்றைய பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அதை அப்படியே டம்ளரில் ஊற்றி, பிஸ்மி சொல்லிக் குடித்தாள்.

கூடத்தில் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"யாரு, கமலமா?" மாமியின் குரல் வழக்கத்தைவிட இறங்கி இருந்தது. "எதுனா சொன்னாளா?"

ஜரினா குண்டானை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள். சொல்லலாம், இப்போதே சொல்லிவிடலாம்... ஆனால் யாருடைய பயத்தை முதலில் சொல்வது?

"ஒண்ணும் இல்ல மாமி," என்றாள்.