முள் இல்லாத விரல்

இடது கை மோதிர விரலை வெட்டி எடுத்துவிடச் சொல்வது என்று டெல்சியே முடிவு செய்துவிட்டாள். நகத்தில் ஏதாவது லேசாக உரசினாலே உயிர் போகும். ஐஸில் கை வைத்தால் கேட்கவே வேண்டாம். ஐஸைத் தொடாமல் குளச்சலில் மீன் விற்றுப் பிழைப்பது எப்படி?

மூன்று வருடத்துக்கு முன் அந்த விரலில் கெளுத்தி முள் குத்தியது. கடற்கரையில் யாரைக் கேட்டாலும் அதற்கு வைத்தியம் வெந்நீர்தான். அதன் பிறகும் வலி வரும்போதெல்லாம் விரலை அதில் முக்கினால் அடங்கியது. அப்படியென்றால் முள்ளின் விஷமேதான் என்று ஊரே சொன்னது, அவளும் நம்பினாள். போன இடத்திலெல்லாம் டாக்டர்களிடம் முதலில் முள்ளைத்தான் சொன்னாள். அவர்களும் முள்ளைத்தான் தேடினார்கள். ஒருவர் நகத்தைப் பிடுங்கியே பார்த்துவிட்டார். ஒரு மண்ணும் இல்லை. அதற்குப் பிறகு கணவன் ததேயுஸ், "வேல செய்ய மடி, அதுக்கொரு விரலு" என்று நாலு பேர் முன்னால் வாய் கூசாமல் அவளைச் சோம்பேறியாக்கத் தொடங்கினான். விரலைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

விரலை எடுக்கச் சொல்லி நாகர்கோவிலுக்கு வந்தவளை டாக்டர் ஷாஹினாஸ் உட்கார வைத்தார்.

"முள்ளுக்க கதை இருக்கட்டும் அக்கா. குளுந்தா வலிக்கா?"

"ஐஸத் தொட்டா தோளு வரைக்கும் ஏறுது டாக்டர்."

குண்டூசியின் கொண்டையால் டாக்டர் நகத்தின் மேல் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் டெல்சி அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். கடுகளவு தள்ளித் தொட்டபோது ஒன்றுமில்லை. பிறகு பிரஷர் பார்க்கும் பட்டையை மேல்கையில் இறுக்கி, ரத்த ஓட்டம் நின்றதும் அதே இடத்தைத் தொட்டார். டெல்சி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வலி வரவில்லை. பட்டையைத் தளர்த்தித் தொட்டதும் வந்துவிட்டது.

"நகத்துக்கு அடியில ஒரு குட்டிக் கட்டி இருக்குன்னு நினைக்கேன். அபூர்வமா வரும், புற்றுநோய் கிடையாது. சூடு இதுக்கும் இதமாத்தான் இருக்கும், அதான் எல்லாரும் ஏமாந்திருக்காங்க. ஸ்கேன்ல பாத்துட்டு கட்டிய மட்டும் எடுத்திரலாம். விரல எதுக்கு வெட்டணும்?"

கூட வந்து வாசலோரம் நின்ற ததேயுஸ் தொண்டையைச் செருமினான். "அப்போ, இது நெசமான வலிதானா டாக்டர்?"

"ஆமா. இந்த வலியத் தாங்கிக்கிட்டு இத்தன நாளு மீன் வித்திருக்காங்க."

வெளியே வந்ததும் அவன் குரல் இறங்கியிருந்தது. "ஏட்டி, டாக்டரு சொன்னாத்தானே நமக்குத் தெரியும்."

"நான் சொன்னேனே," என்றாள் டெல்சி. விரல் தப்பியதற்குக்கூட அழாதவள், அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.