கொப்புளம் அடங்கட்டும்

எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். பெத்த பிள்ளை பொண்டாட்டியை விட்டுட்டு இன்னொருத்தியோட போயிட்டான்னா யாருக்குத்தான் கோபம் வராது? போனவன் சும்மா போனானா? பெரிய ரூம்ல சுவரோட சேர்த்து அடிச்சிருந்த அலமாரியையும், தான் வாங்கினதுன்னு பிடுங்கிட்டுப் போனான். கூடவே பூச்சும் பேந்து வந்துடுச்சு. சுவர் முழுக்கக் குண்டும் குழியும்.

 மருமகளோட அண்ணன் போன் பண்ணினான். ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறானாம். இவ "சரிண்ணா"ன்னது என் காதுல விழுந்துச்சு.  என் வாய்க்கு ஈடு கொடுத்து இத்தனை வருஷம் என்கூட இருந்தவ இவ ஒருத்திதான். இவ போகக் கூடாது. ஆனா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இருன்னு கேக்குறது? விட்டுட்டுப் போனவன் என் வயித்துல பிறந்தவனாச்சே.

அதனால, "போறதுக்குள்ள அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க ஒத்தாசை பண்ணு"ன்னேன். ரூம் நல்லாயிட்டா மனசு மாறாதாங்கிற நப்பாசைதான்.

பெயிண்ட் கடைக்காரர் விவரமாச் சொன்னார். வெறும் பெயிண்ட் அடிச்சா ஒவ்வொரு பள்ளமும் இன்னும் எடுப்பாத் தெரியுமாம். ஓட்டையை அடைச்சுட்டு, தடியான வெள்ளைப் பேப்பரைச் சுவர் பூரா ஒட்டி, அது மேல அடிக்கணுமாம். "ஒட்டினதும் அங்கங்க கொப்புளிக்கும். கையை வைக்காதீங்கம்மா. காய்ஞ்சா தானா இழுத்துப் பிடிச்சுக்கும்."

சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சோம். மருமகள் ஏணி மேல, நான் கீழ. பசை தடவி மடிச்ச பேப்பரை நான் தூக்கிக் கொடுக்கணும், அவ மேல இருந்து பிரஷ்ஷால நீவிக்கிட்டே வரணும். ஓரத்தோட ஓரம் முட்டணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. ரெண்டாவது பேப்பர் அவ கை நழுவி, ஈரத்தோட தொப்புன்னு என் தலையில விழுந்துச்சு.

"முக்காடு உங்களுக்கு எடுப்பா இருக்கு அத்தை."

"வாயைப் பாரு. எடுடி முதல்ல."

சிரிச்சா. அவன் போனதுக்கப்புறம் இப்பதான் சிரிக்கிறா. பசை மூக்குல வழிஞ்சாலும் பரவாயில்லன்னு நின்னேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தா, சுவர் பூராக் கொப்புளம். அவ மூஞ்சி செத்துப் போச்சு.

"நான் தொட்டது எது விளங்கியிருக்கு? கிழிச்சுடலாம் அத்தை. நான் போனப்புறம் நல்ல ஆளா வெச்சுச் செஞ்சுக்கோங்க." பேப்பர் ஓரத்துல நகத்தைக் கொடுத்துட்டா.

காய்ஞ்சா அடங்கிடும்னு சொல்லத்தான் கையைப் பிடிச்சேன். "போகாதேம்மா." எப்படி வந்துச்சுன்னே தெரியல, வந்துடுச்சு. "சுவர் எக்கேடோ கெடட்டும். அவன் போனான்னு நீயும் போகணுமா? வீடு என் பேர்ல இருக்கு. இது உன் ரூம். நீ இல்லாம எனக்கு முடியாது."

அவ கையை விடுவிச்சுக்கிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போயிட்டா. அவ கிழிச்சுடாம இருக்க நான் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

விடிஞ்சதும் அவளே வந்து சாவி கேட்டா. கதவைத் திறந்தா, ஒரு கொப்புளம் இல்ல. புதுச் சுவர் கட்டின மாதிரி இருந்துச்சு. கடைக்காரர் நல்லா இருக்கணும். அவ உள்ளங்கையால தடவிக்கிட்டே போனவ ஒரு மூலையில நின்னா.

"அத்தை, இது என்ன ஓட்டை?"

பூட்டுறதுக்கு முன்னாடி கை சும்மா இல்லாம ஒரு கொப்புளத்தை ஹேர்பின்னால குத்தியிருந்தேன். "கொசு கடிச்சிருக்கும்."

"சுவரையா?"

நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல வாசல்ல வண்டிச் சத்தம்.  அவ அண்ணன் பெட்டி கட்டக் கயிறோட வந்து நின்னான். இவ தரையில உக்காந்து பெயிண்ட் டப்பாவைக் குச்சியால கலக்கிக்கிட்டிருந்தா.

"பெட்டி எல்லாம் எங்க? கிளம்பலையா?"

"கயித்தை ஓரமாப் போடுண்ணா. சட்டையைக் கழட்டிட்டு ரோலரை எடு. மேல நீ அடி, கீழ நான்."

அவன் முழிச்சான். "யார் ரூமுக்கு இப்ப இவ்வளவு அவசரமாப் பெயிண்ட்?"

"என் ரூமுக்கு"ன்னா, கலக்குறதை நிறுத்தாம.

நான் அங்கயே, அவன் எதிர்லயே அழுதுட்டேன்.