என் கார்ட்டில் வெட்டிய விமானங்கள்

முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே குத்தின. நொண்டிக்கொண்டு பார்க்கிங் நகரில் பஸ் ஏறி, பக்கத்து ஊரான குட்மேய்ஸில் சந்திரகுமார் வீட்டுக்குப் போனேன். மூன்று தரம் போன் எடுத்துவிட்டான், போகாமலிருக்க முடியவில்லை.

மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கட்டிலில் இருந்தான். மனைவி வசந்தமலர் தேத்தண்ணியோடு ஒரு தாளையும் கொண்டுவந்து வைத்தார்.

"பரமண்ணை, இவருக்கு வந்த நெஞ்சு வருத்தத்துக்குப் பிரான்ஸிலை நட்டஈடு கேக்கிறம். அந்தப் பழைய இரும்பு யார்டிலை உங்கடை பேரிலை வேலை செய்தது இவர்தான் எண்டு நீங்கள் சைன் வைச்சால் காணும்."

தொண்ணூற்றெட்டில் பாரிஸில் எனக்கு விசா இருந்தது, அவனுக்கு இல்லை. எங்கள் ஆட்கள் செய்வதுபோல என் விசாக் கார்ட்டை வேலைக்குக் காட்ட அவனுக்குக் கொடுத்தேன். நான் பதிவில்லாமல் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவ, அவன் பரமேஸ்வரன் என்ற என் பெயரில் எட்டு மாதம் கழித்துவிட்ட மிராஜ்-4 ரக விமானங்களைத் துண்டு துண்டாக வெட்டினான்.

ஐம்பதுகளில் வரைந்து, அறுபத்து நான்கில் சேவைக்கு வந்த குண்டுவீச்சு விமானம். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம், வயிற்றில் ஒரே ஒரு அணுகுண்டு. முப்பது வருடம் காத்து நின்றும் எந்தப் போரிலும் அதைப் போடவில்லை. கடைசியில் அந்த விமானம், முகமூடிகூடக் கொடுக்காத ஒரு பழைய இரும்பு யார்டில், தூசியாகச் சந்திரகுமாரின் நெஞ்சுக்குள் போனது.

"மொஸ்கோவிலை குண்டு போடச் செய்த பிளேனாம் அண்ணை," அவன் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தான். "குட்மேய்ஸிலை வந்து என்னைப் பிடிச்சிட்டுது."

"கார்ட் குடுத்தது குற்றமடா. நானே எழுதிக் குடுத்தால் என்ரை பிரெஞ்சுப் பென்சனை மறிப்பாங்கள்."

"ஓம், அந்தப் பென்சனிலை இவர் உழைச்ச எட்டு மாதமும் கிடக்குதுதானே," என்றார் வசந்தமலர். குரல் உயரவில்லை.

"விடு, அண்ணை யோசிக்கட்டும்," என்றான் அவன். "ஆனா மே மாதம் வரைக்கும்தான் தாங்குவன் எண்டு டொக்டர் சொல்லுறார். பிரான்ஸ்காரர் கேள்வி கேக்கேக்கை பதில் சொல்ல நான் உயிரோடை இருக்கவேணும்."

பேனையை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். திரும்பவும் பூட்டினேன்.

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். வீட்டை கொண்டுபோய் வாசிச்சுப்போட்டு வாறன்."

கண்ணாடி என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நின்றது. வசந்தமலர் அதைப் பார்த்தார். தாளை மடித்துத் தந்தார்.

பஸ் ஏறி இரண்டாம் நிறுத்தத்திலேயே இறங்கினேன். அவர்கள் தெருமுனை வரை திரும்பி நடந்தேன். அங்கே கொஞ்சநேரம் நின்றேன். பிறகு மறுபடியும் பஸ் ஏறினேன்.

அது மார்ச்சில். இப்போது ஏப்ரல் முடியப்போகிறது. சந்திரகுமாருக்கு நான் இன்னும் ஒரு கையெழுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.