செவ்வாய்க்கிழமை கான்கிரீட்

ஹாலோவே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் என்னும் நுண்கணிதத் தேர்வு எழுதாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. இந்த ஒரு வரியைச் சொல்லியே இருபத்தாறு வருடங்களாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் கணிதப் பேராசிரியர் லீலண்ட் விட்கோம். கல்வித் தரக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் டாப்னி வளைத்துப் பிடித்துக்கொண்டு வரும் பையன்களுக்கு அந்தக் குழு தலையாட்டினால்தான் இடம். தலையாட்டுவதற்கு முன் பத்து நிமிடம் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது விட்கோமின் வழக்கம். தரம் என்று அவர் சொல்லிக்கொண்டது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

அந்த ஜனவரியில் வந்தவன் ஜார்விஸ் டாலிவர். நூற்று நாற்பது கிலோ. பந்து வைத்திருப்பவன்மேல் எதிரணி வந்து விழாமல் மறித்து நிற்பது அவன் வேலை. ஆறு பல்கலைக்கழகங்கள் அவன் வீட்டு வாசலில் தவம் கிடந்தன. கூடவே அவன் அம்மா யோலாண்டா, தபால்துறைச் சீருடையோடு வந்திருந்தார்.

"என்ன படிக்கப்போறே?" என்றார் விட்கோம், பதில் தெரிந்தவர்போல.

"சிவில் சார். பாலம் கட்டணும்."

டாப்னி அவன் தோளைத் தட்டினார். "தம்பி சும்மா சொல்றான், ப்ரொபசர். நம்ம பசங்க எல்லாருக்கும் மேனேஜ்மென்ட்தானே."

"சும்மா சொல்லல கோச். டைம்டேபிள் பாத்தேன். கான்கிரீட் லேப் செவ்வாக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு. பிராக்டிஸ் ரெண்டரைக்கு. ரெண்டுல நான் எதுக்கு வரணும்?"

விட்கோம் அப்போதுதான் விண்ணப்பத்தைப் புரட்டினார். நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கு எண்ணூறுக்கு எழுநூற்றுத் தொண்ணூறு. அவருடைய சொந்த மகனைவிட நூற்றுப்பத்து அதிகம். விண்ணப்பத்தை மூடி வைத்தார்.

"உங்க டீம்ல இதுவரைக்கும் எத்தன பேர் சிவில் முடிச்சிருக்காங்க?" என்று கேட்டார் யோலாண்டா.

"இனிமேத்தாம்மா" என்றார் டாப்னி.

"சரி, எல்லாரும் எழுதியே ஆகணும்கிற அந்த கால்குலஸ எப்படிப் பாஸ் பண்றாங்க?"

"நம்ம பசங்களுக்குன்னு தனி கால்குலஸ் இருக்கும்மா. ப்ரொபசரே போட்டுக்கொடுத்தது. நிறைய படம் இருக்கும்."

'மேலாளர்களுக்கான கால்குலஸ்' பதினொரு வருடங்களுக்கு முன் விட்கோமின் மூளையில் உதித்தது. அந்த வருடத்திலிருந்துதான் மைதானத்தில் அவருக்கு நட்டநடுவில் இலவச இருக்கை.

"லேப காலைல வச்சா என்ன?" என்றார் யோலாண்டா.

"லேப் நடக்குற ஹால்ல செவ்வாக்கிழமை காலைல வேற வேலை இருக்கு" என்றார் விட்கோம்.

"என்ன வேலை?"

"ஒரு குழு கூடும்."

"எந்தக் குழு சார்?"

"கல்வித் தரக் குழு" என்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"அப்ப நீங்க எந்திரிச்சா என் பையன் உக்காரலாம்" என்றார் யோலாண்டா. கோபமே இல்லாமல் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடியது. ஏழு பேர், ஒரு பெட்டி டோனட். வேறு கூடம் என்றால் நான்கு மாடி ஏறவேண்டும், கார் நிறுத்த இடமில்லை என்று பௌதிகக்காரர் வருத்தப்பட்டார். தலைவர் கை தூக்கினால் மற்ற ஆறு கைகளும் தானாக மேலே போகும். அது விட்கோமுக்குத் தெரியும். பையன் கேட்டது நியாயம் என்பதும் தெரியும், வெட்கமாகவும் இருந்தது. ஆனால் லேபை மாற்றிவிட்டால் அடுத்து இன்னொருவன் வருவான், பிறகு அந்தப் படம் போட்ட கால்குலஸ் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அவர் இன்னொரு டோனட்டை எடுத்துக்கொண்டார். லேப் மதியத்திலேயே நின்றது.

பிப்ரவரியில் ஜார்விஸ் மாநில வேளாண் பல்கலைக்கழகத்தில் சேரக் கையெழுத்துப் போட்டான். ஹாலோவேக்காரர்கள் வாய்கூசாமல் மாட்டுப் பள்ளிக்கூடம் என்று கேலி பேசும் இடம். அங்கே அவனுக்காகக் கான்கிரீட் லேபைக் காலை ஏழு மணிக்கு மாற்றியிருந்தார்கள்.

டாப்னி போனில் கூப்பிட்டார். "பேப்பர்காரங்க கேக்குறாங்க ப்ரொபசர். பையன் ஏன் வரலன்னு என்ன சொல்றது?"

விட்கோம் அதிகம் யோசிக்கவில்லை. "நம்ம தரத்துக்கு அவனால ஈடுகொடுக்க முடியலன்னு சொல்லிடுங்க."

"எழுநூத்தித் தொண்ணூறு வாங்கினவன் சார் அவன்."

"அத யாரு கேக்கப்போறா?"

யாரும் கேட்கவில்லை. தரத்தில் சமரசம் செய்யாத பல்கலைக்கழகம் என்று மறுநாள் பேப்பரில் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் வந்து விட்கோமின் கையைக் குலுக்கினார்கள். அவரும் குலுக்கினார்.