எட்டடிக் குழி

தன் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பியா டீயா என்ற இடத்தில்தான் குழந்தைவேல் ஒரு நாள் முழுக்கத் தடுமாறினார். மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் ரைட்டராக இருந்து, யார் வந்தார் யார் வரவில்லை என்று பேர் போட்டவர், தன் சாவை மட்டும் பேர் போடாமல் விட்டுவிடுவாரா? அவரவர் அடக்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லிக் கோயிலில் ஃபாதர் பாரம் கொடுத்ததும் எல்லாருக்கும் முன்னால் கை நீட்டி வாங்கியவர் அவர்தான். பாட்டு மூன்று. பெட்டி சில்வர் ஓக் மரத்தில். தூக்க ஆறு பேர். அதில் இரண்டு பேர் அவசரப்பட்டு முன்னாலேயே போய்விட்டதால் பட்டியலை ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது. வீடும் அரை ஏக்கர் மிளகும் மகள் மேகலாவுக்கு என்று பதிவாகிவிட்டது. மனைவி வெள்ளையம்மாள் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைக்கூட, இனி எத்தனை குளிரைப் பார்க்கப்போகிறோம் என்று, குழி வெட்டும் அங்கப்பனுக்குப் போன மாதமே கொடுத்தாயிற்று. ஆபரேசன் செய்யாவிட்டால் இரண்டு வருடம் என்று சேலத்து டாக்டர் சொன்னபோது, பஸ் நேரம் விசாரித்தவர் போலத் தலையாட்டிவிட்டு மலையேறி வந்திருந்தார்.

“மழ வருமா வராதான்னும் எழுதிருங்கப்பா,” என்றாள் மேகலா.

“வந்தாத் தார்ப்பாய்னு எழுதியிருக்கறன் கண்ணு.”

அவள் சிரிக்கவில்லை.

பாரத்தில் கடைசியாகக் கல்லறை. இடம் குறைவான மலை என்பதால் இங்கே புருசன் பெண்டாட்டிக்கு ஒரே குழிதான். முதலில் போகிறவரை எட்டடியில் இறக்குவார்கள், அடுத்தவர் மேலே. எட்டு வருடத்துக்கு முன் வெள்ளையம்மாளை இறக்கியபோது அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் அளக்காமல் எழுதிப் பழக்கமில்லை. கல்லறைத் திருநாளுக்காக அங்கப்பன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கல்லறை மேட்டுக்குப் போனார்.

“ஏப்பா அங்கப்பா, அம்மாளுக்கு மேல எத்தன அடி பாக்கி இருக்குது?”

அங்கப்பன் ஏற்கெனவே அடித்து முடித்த சிலுவைக்கே மறுபடி சுண்ணாம்பு அடித்தான்.

“எழுதாம உட்டுருங்க ரைட்டருங்களே.”

“ஏன்?”

“பாறைங்க. நாலடிக்கு மேல எறங்குல.”

“எட்டடின்னு சொன்னனே.”

“சொன்னீங்க. மூணு மணிக்குப் பொட்டி எறங்கோணும்னும் சொன்னீங்க. ரண்டரைக்கு மேட்டுல நின்னு வாச்சக் காட்டுனதும் நீங்கதானுங்க. ஃபாதரு செபம் சொல்றப்ப நானென்ன பாறைக்கு வேட்டா வெக்கறது?”

மூன்று மணி. அன்றைய நிகழ்ச்சி நிரலை அவரே டைப் அடித்துப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். இத்தனை ஒழுங்கான அடக்கத்தைப் பார்த்ததில்லை என்று ஊரே சொன்னது. எட்டு வருடமாக, படத்துக்கு மாலை மாற்றும்போதெல்லாம், அவளிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் வந்திருந்தார். அவள் நாலடியில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

“பக்கத்துல?”

“அந்தக் காலத்துத் தொரைங்க. இந்தப் பக்கம் ரோடு.”

“வேற வழி?”

“பதினாலு வருசமானாக் குழியத் தொறக்க உடுவாங்க. அம்மா எலும்ப வெள்ளத் துணீல கட்டி உங்க காலடீல வெச்சிரலாம். இப்ப எட்டுதானுங்களே ஆவுது.”

குழந்தைவேல் கழித்துப் பார்த்தார். டாக்டர் சொன்னதையும் கழித்துப் பார்த்தார். கீழே எஸ்டேட் பக்கமிருந்து பனி ஏறி வந்து முதல் வரிசைச் சிலுவைகளை மூடியது. பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அந்த ஸ்வெட்டரக் கழட்டு.”

“குடுத்ததுங்களே?”

“ஆறு வருசத்துக்குத் திருப்பிக் குடு. சாவறப்ப உனக்குத்தான்.”

அங்கப்பன் கழற்றினான். அதன் கையெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. அடுத்தவன் உடம்புச் சூடு இன்னும் போகாத அதைக் குழந்தைவேல் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டார். இறங்கும் படிகளில் பாசி. இத்தனை நாள் அதைப் பார்த்ததே இல்லை என்பதுபோல முதல் படியில் நின்றவர், அங்கப்பன் பக்கமாகக் கையை நீட்டினார்.